யூரியா மூட்டைக்குப் பின்னால்

பிரைமர் குழிக்குள் இறங்கும்போது
கொஞ்சம் முரண்டு பிடிக்க வேண்டும்.
வழுக்கிக்கொண்டு போனால்
அந்தக் கூட்டின் கதை முடிந்தது.
எந்த அளவுகோலும் எனக்கு இதைக் காட்டித் தந்ததில்லை.
மூணாறு தலைப்பில் ஷட்டர் இறக்கும்போது
திருகுக் கம்பியில் ஏறிவரும் நடுக்கம் மாதிரி:
அடிக்கல்லில் உட்கார்ந்ததா,
வாழைமட்டை ஏதும் மாட்டிக்கொண்டதா,
முதலில் உள்ளங்கைக்குத் தெரியும்
அப்புறம்தான் கண்ணுக்கு.

வாரத்தில் ஆறு நாள் பொதுப்பணித் துறை.
வெண்ணாற்றுக்கு இவ்வளவு, கோரையாற்றுக்கு இவ்வளவு,
பாமணிக்கு மிச்சம்,
கன அடியில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.
ஞாயிற்றுக்கிழமை முந்நூறு மீட்டரில்
ஒரு கறுப்பு வட்டம்.
அங்கே யாரும் என்னிடம் தண்ணீர் கேட்பதில்லை.

ஐந்தாம் முறை சுட்ட கூடுகளைக் கொட்டிப் பார்த்தபோது
ஏழில் பிரைமரைச் சுற்றிக் கரி வளையம்,
குழந்தைக்கு மை இட்டுக் கலைந்தது போல.
வாயு வெளியே வழி கண்டிருக்கிறது.
"இன்னும் ஒரு தடவை தாங்கும்க்கா" என்றாள் ஜெயசீலி.
தாங்கும்.
ஐப்பசியில் ஏதோ ஒரு ராத்திரி வரைக்கும்
எல்லா மதகும் தாங்கத்தான் செய்யும்.
குறட்டால் ஏழின் வாயையும் நசுக்கினேன்,
பதிவேட்டில் ஏழைக் கழித்தேன்.
நீர்க்கசிவுக்கு எழுதும் அதே பேனா.

மீதி நூற்று முப்பத்தாறும் நல்ல சாதி.
ஒரே முறை சுட்டவை,
குழி ஒவ்வொன்றும் கச்சிதம்.
அச்சில் அழுத்திக் கழுத்தைக் குறுக்கி,
துடைத்து,
பிஸ்கட் டப்பாவில் அடுக்கி,
மாடிப்படிக்குக் கீழ் அறையில் வைத்துப் பூட்டினேன்.
புயல் சின்னம் வந்தது. ஒன்று போனால் இன்னொன்று.
பதினெட்டு நாள் தலைப்பிலேயே சாப்பாடு, தூக்கம்.
கரையோரம் மணல்மூட்டை, மணல்மூட்டை.
துப்பாக்கி ஞாபகமே இல்லை.

வெயில் கண்ட அன்று அறையைத் திறந்தேன்.
மாட்டுக்கொட்டகை நெடி.
எங்களிடம் மாடு கிடையாது.
சம்பாவுக்கு மேலுரம் என்று கலியபெருமாள்
பதினோரு மூட்டை யூரியா இறக்கியிருக்கிறார்,
சாவி எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.
மழையில் நனைந்து அடிமூட்டை இளகி
சிமெண்டுத் தரையில் பாகாய் ஓடி
டப்பாவின் காலடியில் நின்றிருந்தது.

யாரும் தொடவில்லை. எதுவும் விழவில்லை.
ஆனாலும் கழுத்துகள் வெடித்திருந்தன,
மேலிருந்து கீழாக ஒரு மயிரிழை,
சிலதில் இரண்டு.
ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்தினேன்,
அப்பளம் மாதிரி விட்டது.
அச்சு குறுக்கியபோது பித்தளை ஒன்றும் சொல்லவில்லை.
அந்த இறுக்கத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு
பளபளவென்று நின்றது.
அம்மோனியா வந்து
சரியாக அந்த இடத்தைத்தான் கேட்டிருக்கிறது.

இருபது மட்டும் தப்பின.
ஒரு சாயங்காலம் பொழுதுபோகாமல்
கழுத்தை நீலச் சுடரில் காட்டி
ஆறவிட்டேனே, அந்த இருபது.
மிச்சத்துக்கும் காட்டியிருப்பேன்,
அதற்குள் சிலிண்டர் தீர்ந்துவிட்டது.

நூற்றுப் பதினாறு. குறடு.
குழிகளைப் பார்க்காமல் நசுக்க முயன்றேன், முடியவில்லை.
என்ன கச்சிதம். என்ன வீண்.
பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில்
யூரியா என்று எழுதினால்
ஆயுதப் பிரிவு எழுத்தர் நம்புவாரா?
மழை என்று எழுதினேன்.
இந்த ஜில்லாவில் அதை யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

கலியபெருமாள் வரப்புச் சேற்றோடு வந்து வாசலில் நின்றார்.
"மூணே நாளுங்க, பயிர் எப்படிப் பச்சை பிடிச்சிருக்கு, பாரேன் வந்து."
கையில் இருந்த கூட்டைத் திருப்பினேன்.
அடிவிளிம்பில் களிம்பு.
இதுவும்தான் பிடித்திருக்கிறது என்று
சொல்ல வாயெடுத்து,
செருப்பைத் தேடினேன்.